பேட்டரி போனால் இயர்பட்ஸையே தூக்கிப் போட வேண்டுமா?

இரண்டு வருடமாகத் தினமும் காதில் இருந்த இயர்பட்ஸ். போன மாதத்திலிருந்து இடது பக்கம் மட்டும் இருபது நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. ஒலியில் குறையில்லை, மைக்கும் தெளிவு, ப்ளூடூத் சொன்னபடி இணைகிறது. செத்தது பேட்டரி மட்டும்தான். சர்வீஸ் சென்டரில் கேட்டால், "இதையெல்லாம் பிரிக்க மாட்டோம், புதுசு வாங்கிக்கோங்க" என்றார்கள். மனசு கேட்கவில்லை. நானே பிரிக்க உட்கார்ந்துவிட்டேன்.

ஹேர் டிரையரால் சூடு காட்டி, இரண்டு ஓடும் சேரும் கோட்டில் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் செருகி நெம்பினேன். (பிளேடு, கத்தி வேண்டவே வேண்டாம். லித்தியம் பேட்டரியில் குத்துப்பட்டால் தீப்பிடிக்கும்.) ஒரு திருகுகூட இல்லை, சுற்றிலும் பசை. அரைமணி நேரப் போராட்டத்துக்குப் பிறகு 'டக்'கென்று விட்டது. கூடவே, ஓட்டின் உள்பக்கம் ஒட்டியிருந்த ஃப்ளெக்ஸ் கேபிளும் (தாள் போல மெல்லிய இணைப்புப் பட்டை) கிழிந்தது. உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் பேட்டரி. அதையும் போர்டோடு சால்டர் வைத்துப் பிணைத்திருந்தார்கள்.

லித்தியம் அயன் பேட்டரி தேயத்தான் செய்யும். சில நூறு தடவை சார்ஜ் ஏறி இறங்கினாலே கொள்ளளவு குறைந்துவிடும். கொள்ளளவை எம்ஏஎச் கணக்கில் சொல்வார்கள். போனில் இருப்பது 4000, 5000 எம்ஏஎச். இயர்பட்ஸில் பெரும்பாலும் 60-ஐத் தாண்டாது. நிறையக் கேட்பவர்களுக்கு ஒரே நாளில் இரண்டு முறைகூடக் காலியாகி, சார்ஜ் ஏற்றும் கேஸில் போய் நிரம்பும். முதலில் சாகப்போவது எது என்று செய்தவர்களுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் அதைத்தான் பசை போட்டு மூடுகிறார்கள். என் கோபமெல்லாம் இங்கேதான்.

'இவ்வளவு சின்னப் பொருள், வியர்வை வேறு படும், பசை இல்லாமல் எப்படி?' என்பார்கள். 2024-ல் ஃபேர்போன் நிறுவனம் ஃபேர்பட்ஸ் என்ற இயர்பட்ஸைக் கொண்டுவந்ததே! பட்ஸ் இரண்டிலும், கேஸிலும் பேட்டரியை நாமே கழற்றி மாற்றலாம். வியர்வை, தூறலையும் தாங்கும். பொருட்களைப் பிரித்துப் பார்த்து மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட் அதற்கு 10-க்கு 10 கொடுத்தது. அதே ஐஃபிக்ஸிட் ஆப்பிளின் ஏர்பாட்ஸுக்குக் கொடுத்தது 0. அளவு ஒரு சாக்குதான்.

கையடக்கப் பொருட்களின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2027 பிப்ரவரி 18 முதல் அமலுக்கு வருகிறது. அதை எல்லா நாடுகளும் கேட்க வேண்டும்.

வலது பக்கம் இன்னும் நன்றாகவே பாடுகிறது. போன் பேச அதை வைத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த ஜோடியை, யாராவது அதைப் பிரித்துக் காட்டிய வீடியோவைப் பார்த்த பிறகுதான் வாங்குவேன்.