குழாய் இல்லாத தொலைநோக்கி பொம்மையா?
முதல் உலகப் போரில் தொலைவிலுள்ள இலக்கைப் பெரிதாக்கிக் காட்ட பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளில் மாட்டிய கலிலியோ வகை லென்ஸ்களை 'உதவாத பொம்மை' என்று ஒரு கட்டுரை தள்ளிவிடுகிறது; அது சரியல்ல. குழாயே கிடையாது, துப்பாக்கி முனைப் பக்கத்து முன்குறியில் ஒரு குவிலென்ஸ், கண் பக்கத்துப் பின்குறியில் சிறு குழிலென்ஸ், அவ்வளவுதான். கண்ணாடிக் கடையில் பிளஸ் 1 குவிலென்ஸும் மைனஸ் 2 குழிலென்ஸும் வாங்கி, ஒரு மரச்சட்டத்தில் அரை மீட்டர் இடைவெளியில் பொருத்திப் பார்த்தேன். எதிர்வீட்டு மாடித் தொட்டியின் எழுத்து நிஜமாகவே இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிந்தது! ஆனால் பார்வைப் பரப்பு மிகக் குறுகல், கொஞ்சம் அசைந்தாலும் திரும்பத் தேட வேண்டியிருந்தது. பதுங்குகுழி மழையிலும் சேற்றிலும் அந்தத் திறந்த லென்ஸ் என்ன பாடுபட்டிருக்கும்! அதே துப்பாக்கியில் மாட்டிய, குழாயுள்ள ஆல்டிஸ் தொலைநோக்கி மட்டும் குறையில்லாததா? தோட்டாப் பட்டையை மேலிருந்து செருக வழிவிட்டு, பெரும்பாலும் இடப்பக்கம் தள்ளித்தான் மாட்டினார்கள். பதுங்குகுழியில் மறைப்பாக வைத்த இரும்புத் தகட்டின் சிறு ஓட்டை வழியாகச் சுட அதுவும் தொல்லைதான்.