பாணிக்கும் எங்கட கலியாணத்தில் இடம் இருந்தது

தங்கச்சியின் கலியாணப் படங்களைப் போட்ட நாளிலிருந்து எல்லாரும் ஒரே ஒரு படத்தைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். தலை நனைந்து, காதோரம் ஒரு அறுகம்புல் ஒட்டியிருக்க அவள் பலகையில் இருக்கிறாள். அவளின் முழங்காலில் நாடியை வைத்தபடி எங்கள் நாய் பாணி. "இவ்வளவு செல்லமெண்டால் மண்டபத்துக்கு ஏன் கொண்டுபோகேல்லை?" என்று பாதிப் பேர். "சடங்கு நடக்கிற இடத்தில நாய்க்கு என்ன வேலை?" என்று மிச்சப் பேர். இரண்டு பகுதிக்கும் சேர்த்துத்தான் இது.

பாணி எங்கள் வீட்டுக்கு வந்தது 2022 ஆனியில். பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீண்டு கிடந்த நாட்கள். அப்பா மூன்று நாள் வரிசையில் நின்றார். இரண்டாம் நாள் மத்தியானம் வெயில் தாங்காமல் ஒரு குட்டி எங்கள் வாகனத்தின் அடியில் வந்து படுத்திருக்கிறது. வரிசை நகரும்போதெல்லாம் அப்பா இறங்கி, அதைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டுத்தான் வாகனத்தை எடுத்திருக்கிறார். மூன்றாம் நாள் பெற்றோலோடு அதுவும் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கித்துள் பாணி நிறம். அதனால் பாணி. கடையில் பால்மா கிடைக்காத காலத்தில் சோற்றைக் குழைத்து, நெத்தலி அவித்துப் போட்டு அம்மா வளர்த்தா. கரண்ட் இல்லாத இரவுகளில் தங்கச்சி போன் வெளிச்சத்தில் படிக்க, அவளின் பாதத்தின் மேல் படுத்துத்தான் அவன் நித்திரை கொள்வான். இன்றைக்கும் அப்படித்தான்.

ஆகவே கலியாணம் சரிவந்து, வீட்டில் ஆள் பெயர் எழுதத் தொடங்கியபோது பாணியின் பெயரையும் எழுதினோம். அதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் என்பதில்தான் வீடு இரண்டுபட்டது.

ஊரிலிருந்து வந்திருந்த பெரியம்மா முகத்தைச் சுளித்தா. "மங்கள காரியத்தில நாயோ பிள்ளை?" பெரியம்மாவிடம் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. எங்கள் ஊர் வளவுக்குள்ளேயே வைரவர் இருக்கிறார். வடைமாலை சாத்திக் கும்பிடுகிறோம். அவரின் வாகனம் என்ன? மகாபாரதத்தின் கடைசியில் தருமர் சொர்க்கத்து வாசலில் நிற்கிறார். நாயை விட்டுவிட்டு தேரில் ஏறு என்று இந்திரன் சொல்ல, என்னை நம்பிக் கூட வந்ததை விடமாட்டேன் என்று மறுக்கிறார். அந்த நாய்தான் தருமதேவதை. சொர்க்கமே வேண்டாம் என்று ஒருவர் நாயோடு நின்ற கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, வீட்டு நாயைக் கலியாணத்தன்று மொட்டைமாடியில் கட்டிப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பெரியம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்தநாள் விடிய அவன் நெற்றியில் திருநீறு இருந்தது. பூசினது அவதான்.

மற்றப் பக்கம் படம் எடுக்கிறவர்கள். முதலில் கதைத்த ஒருவர் ஆர்வத்தோடு ஒரு பட்டியலே வைத்திருந்தார். பாணிக்குத் தலைப்பாகை, கறுப்புக் கண்ணாடி, வாயில் மோதிரப் பெட்டி, மணவறைக்குப் பக்கத்தில் சின்னக் கதிரை. எனக்கு இதுதான் பெரியம்மாவின் முகச்சுளிப்பை விடக் கூடுதலாக நொந்தது. பெரியம்மா அவனை நாயாகவாவது பார்த்தா.

நான் இப்படிப் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. போன வருடம் கொழும்பில் ஒரு ஹோட்டலில் சிநேகிதி ஒருத்தியின் வரவேற்பு. அவளின் கோல்டன் ரிட்ரீவருக்குக் கோட் தைத்துப் போட்டு மேடைக்குக் கூட்டி வந்தார்கள். வந்த நேரத்திலிருந்து அது கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தது. உதட்டை நக்கியது. முகத்தைத் திருப்பி, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்தது. "பாவம், நித்திரை வருகுது" என்று சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அது நித்திரை அல்ல, பயம். நாயோடு இருக்கிறவர்கள் இந்த மூன்றையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து வண்ணக் கடதாசித் துண்டுகளை வெடித்துப் பறக்கவிடும் குழாயை மேடைக்குப் பக்கத்தில் அமத்தினார்கள். நாய் பாய்ந்த பாய்ச்சலில் கயிறு கைவிட்டுப் போயிற்று. அரை மணித்தியாலம் கழித்து ஜெனரேட்டருக்குப் பின்னால் கண்டுபிடித்தோம். எண்ணெய்த் தரையில் பட்டுச் சேலையோடு முழங்காலில் நின்று அவள் கூப்பிட்ட குரல் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. அது வரவில்லை. அவளைக் கண்டும் நடுங்கியது.

மனிதக் காதுக்கு ஏறக்குறைய 20,000 ஹேர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்கு 45,000 வரை கேட்கும். கெட்டிமேளம் கொட்டும்போது தவிலுக்குப் பக்கத்தில் நிற்கிற எங்களுக்கே நெஞ்சு அதிரும். அதோடு ஓமப் புகை, முன்னூறு பேரின் வாசம், முகத்துக்கு நேரே வெளிச்சம். எங்கள் மண்டபத்தில் கேட்டிருந்தால் விட்டிருப்பார்களோ என்னவோ, நாங்கள் கேட்கவே இல்லை.

அவனுக்குப் பழகின இடங்களைக் கலியாணத்துக்குள் கொண்டுவந்தோம். இதுதான் நாங்கள் செய்தது.

கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, விடிய ஆறு மணிக்கு வெள்ளவத்தைக் கடற்கரை. ரயில் பாதையைக் கடந்து அவன் தினமும் நடக்கிற மணல்தான். தங்கச்சி, மாப்பிள்ளை, பாணி மூன்று பேரும். மாப்பிள்ளைத் தம்பியைப் பற்றி இங்கே சொல்லத்தான் வேண்டும். எழுத்து (கலியாணப் பதிவு) முடிந்த பிறகு ஆறு மாதம், ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து அவனை நடக்கக் கூட்டிப்போனார். படத்துக்காகச் செய்ததல்ல. அதனால்தான் படத்தில் பாணி அவரில் சாய்ந்து நிற்கிறான். இரண்டாவதாகப் பிடித்த படக்காரத் தம்பி பிளாஷை அணைத்துவிட்டு மணலில் வயிறு படப் படுத்துத்தான் எடுத்தார். நாயின் கண் மட்டத்துக்குக் கமரா இறங்கினால்தான் அதன் முகம் முகமாக வரும். மாரி பிஸ்கட் நாலு. இருபது நிமிடம். அவன் தண்ணீரைப் பார்த்துத் திரும்பியதும் நிறுத்திவிட்டோம்.

சுதந்திர சதுக்கத்தில் பின்னேரம் மூன்று மணிக்கு நாயோடு படம் எடுக்கிற சோடிகளைக் காண்கிறேன். தயவுசெய்து, அந்தத் தரையில் உங்கள் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. எங்களைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது அதற்கு. நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். படத்தில் அது சிரிக்கிற மாதிரித் தெரியும்.

இன்னொன்று சாப்பாடு. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. கேசரியிலும் பாயாசத்திலும் கஜுவோடு பிளம்ஸ், அதாவது முந்திரிகை வற்றல் (காய்ந்த திராட்சை) போடுகிறோம். கலியாணத்தில் பெட்டியில் கொடுக்கும் ரிச் கேக்கில் பாதி அதுதான். முந்திரிகை வற்றல் கொஞ்சம் போனாலே நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கலாம். சொக்லேட்டும் வெங்காயமும் கூடாது. வெங்காயம் போட்ட வடை உட்பட. ஆசையில் ஒவ்வொருவரும் ஒரு துண்டு கொடுக்க, அது எத்தனை துண்டாகும்? எங்கள் வீட்டில் ஒரு சித்தப்பாவுக்கு "நீங்கள் தட்டோடு பாணிக்குக் கிட்டப் போகக்கூடாது" என்று நேரே சொன்னேன். அவர் கோபிக்கவில்லை.

எழுத்து அன்று வீட்டுக்கு முஸ்லிம் சிநேகிதர்களும் வந்திருந்தார்கள். நாயின் ஈரம் பட்டால் அவர்கள் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால். அதைத் தெரிந்துகொண்டே நாயை அவிழ்த்துவிட்டு, "ஒண்டும் செய்யமாட்டான், பயப்படாதேங்கோ" என்று சொல்வது விருந்தோம்பல் ஆகாது. அவர்கள் இருந்தவரை பாணி உள் அறையில் என்னோடு இருந்தான். நாயைக் கண்டால் நடுங்குகிற சின்னப் பிள்ளைகளுக்கும் இதே மரியாதை வேண்டும்.

கலியாணத்தன்று விடியப்புறம், பெண்ணை முழுக வார்க்கும் தோயவார்ப்பு. பிளாட்டின் சின்ன வரவேற்பறையில் பலகை போட்டு, கிழக்குப் பார்க்க அவளை இருத்தி, ஒவ்வொருவராகப் பாலும் அறுகும் தலையில் வைத்தோம். மேளமில்லை, பெரிய வெளிச்சமில்லை, அவனுக்குத் தெரியாத முகம் ஒன்றில்லை. பாணி சாப்பாட்டு மேசைக்குக் கீழே இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தலையிலிருந்து வழிந்த பால் பாதத்தடியில் சொட்டியது. அப்பாவின் முறை முடிந்ததும் அவனாக எழுந்து வந்தான். பாலை இரண்டு தரம் நக்கினான், பிறகு நாடியை முழங்காலில் வைத்துவிட்டு அசையவே இல்லை. தேங்காய் உடைக்க வந்த மாமா கையில் தேங்காயோடு பேசாமல் நின்றார். பெரியம்மாதான் "படத்தை எடு தம்பி" என்று சொன்னா.

மண்டப வாசலில் நிறைகுடத்துக்குப் பக்கத்தில் கடற்கரைப் படத்தைச் சட்டம் போட்டு வைத்தோம். நாங்கள் போன நேரம் கீழ் மாடிச் சிங்கள அன்ரி அவனோடு வீட்டில் இருந்தா. பின்னேரம் தங்கச்சி மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்பட்ட பிறகுதான் நான் வந்து அவவை அனுப்பினேன். தோயவார்த்த நேரம் தங்கச்சி கட்டியிருந்த சேலை குளியலறை வாசலில் பாலும் மஞ்சளுமாகக் கிடந்தது. பாணி அதை வரவேற்பறைக்கு இழுத்துவந்து அதன் மேல் படுத்திருந்தான். நாலாம் நாள் விருந்துக்கு அவள் திரும்பி வரும்வரை அம்மா அந்தச் சேலையைத் தோய்க்கவில்லை.