பக்கக்காற்றும் அலாய் வீலும்: சுற்றி வரும் தவறான தகவல்

"அலாய் வீல் பைக்கைப் பக்கக்காற்று தள்ளிவிடும், ஸ்போக் வீல் மாற்றினால் பயமில்லை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. அலாய் வீலிலும் பெரிய இடைவெளிகள் இருக்கின்றன. காற்று ஊடே போய்விடும். காற்றை அதிகம் வாங்குவது வண்டியின் உடலும் ஓட்டுபவரும்தான்.

சக்கரம் உண்மையிலேயே தொல்லை தருவது முழுக்க மூடிய தட்டாக இருந்தால். 1990-இல் வந்த ஹார்லி ஃபேட் பாய் பைக்கின் சக்கரங்கள் அப்படித்தான். அதிலும் முன்சக்கரம்தான் முக்கியம்: காற்று அதைத் தள்ளும்போது ஹேண்டில்பாரும் சேர்ந்து திரும்பப் பார்க்கும். சாலை சைக்கிள் பந்தயங்களில் தட்டுச் சக்கரத்தைப் பின்னால் மட்டும் மாட்டுவது இதனால்தான்.

தயவுசெய்து அந்த வாட்ஸ்அப் தகவலை நம்பிப் பணத்தை வீணாக்காதீர்கள். காற்றாலைகள் நிறைந்த முப்பந்தல் மாதிரி காற்று பலமாக வீசும் இடங்களில் வேகத்தைக் குறையுங்கள், ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். அப்புறம், லாரியைத் தாண்டி வெளியே வரும் நொடியில் காற்று சட்டென்று அடிக்கும்; அங்கே கவனம்.