பட்டியலில் இல்லையென்றால் சந்தேகமா?
ஒரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீடுதான் ஹாஷ். தெரிந்த கோப்புகளின் ஹாஷ் பட்டியலில் இல்லாத கோப்புகளையெல்லாம் சந்தேகிக்கணும் என்று இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். தோவாளை பூக்கடைகள் சிலவற்றில் ஓடும் பில்லிங் மென்பொருள் உள்ளூர்த் தம்பி ஒருவர் எழுதியது. கடைப்பெயரை நிரலுக்குள்ளேயே சேர்த்துத் தருவார். ஓர் எழுத்து மாறினாலே ஷா-256 என்ற முறையில் கணக்கிடும் ஹாஷ் முழுசாக மாறிவிடும், ஆக கடைக்கொரு ஹாஷ். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் வெளியிடும் என்எஸ்ஆர்எல் என்ற ஹாஷ் பட்டியலில் அது எப்படி வரும்? அந்தப் பட்டியலில் ஹேக்கிங் கருவிகளும் உண்டு என்பதையும் சொல்லியிருக்கணும். அது தெரிந்த கோப்புகளின் பட்டியல், நல்ல கோப்புகளின் பட்டியல் இல்லை. மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர், ஒப்பிட எம்டி5 என்ற பழைய ஹாஷ் முறையே போதும் என்கிறார். 2004லேயே ஒரே எம்டி5 வரும் இரு வேறு தரவுகளை உருவாக்கிக் காட்டிவிட்டார்கள், 2017ல் இரண்டு பிடிஎஃப் கோப்புகளை வைத்து ஷா-1 என்ற இன்னொரு ஹாஷ் முறைக்கும் அதே கதி. என்எஸ்ஆர்எல் இப்போது ஷா-256உம் தருகிறது, அதை வைத்தே ஒப்பிடுங்கள்.