வார்ட்பர்க் சிலுவைக் கோபுரம்: லூதர் பார்த்திராத கட்டடம்

ஜெர்மனியின் ஐசெனாக் நகருக்கு மேலே குன்றின்மீது நிற்கும் வார்ட்பர்க் கோட்டையின் சிலுவைக் கோபுரத்தைப் படத்தில் காட்டி, ‘1067-இல் எழுந்த இக்கோபுரத்தில் அமர்ந்துதான் கிறித்தவச் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் பைபிள் முழுவதையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார்’ என்று பரவிவரும் செய்தி தவறானது. 1067 என்பது கோட்டையின் தொடக்கமாக மரபுவழியில் சொல்லப்படும் ஆண்டு. கோட்டையைப் பற்றிய முதல் எழுத்துக் குறிப்பு 1080-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. படத்திலுள்ள கோபுரமோ, சிதைந்துகிடந்த கோட்டையைப் புதுப்பித்த கட்டடக் கலைஞர் ஹூகோ ஃபான் ரிட்கனின் திட்டப்படி 1850-களில் கட்டப்பட்டது. உண்மையான இடைக்காலக் கோபுரம் தெற்குப் பக்கத்தில் இருக்கிறது. உச்சியில் சிலுவை இல்லாததால் அதைப் பகிர்வோர் குறைவு போலும். லூதர் 1521 மே முதல் 1522 மார்ச் வரை அங்கே மறைந்து வாழ்ந்தது உண்மையே. ஆனால் அவர் தங்கியது கோட்டை அதிகாரியின் இல்லத்திலிருந்த எளிய அறையில். அங்கே மொழிபெயர்த்தது பைபிளின் இரண்டாம் பகுதியான புதிய ஏற்பாட்டை மட்டும். முழு பைபிள் 1534-இல்தான் வெளிவந்தது.