கிஸ்ஸியில் சங்கிலி கழன்றது எப்படி?

மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோன் நாட்டுத் தலைநகர் ஃப்ரீடவுனில், கிஸ்ஸி என்ற பகுதியில் ஒரு மனநல மருத்துவமனை. 1820-ல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. ஊர்க்காரர்கள் வாயில் அது 'கிரேஸ் யார்டு', அதாவது பைத்தியக்காரக் கொட்டடி. நாம் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று சொல்லிச் சிரிப்போமே, அதே சிரிப்பு.

1991 முதல் 2002 வரை அங்கே உள்நாட்டுப் போர். கைகளை வெட்டினார்கள், சின்னப் பிள்ளைகளிடம் துப்பாக்கி கொடுத்தார்கள். ஓய்ந்ததும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் வந்து இறங்கின. ட்ராமா, கவுன்சலிங், பயிலரங்கு. தப்பென்று சொல்லவில்லை. ஆனால் ப்ராஜெக்ட் முடிந்தால் பெட்டியைக் கட்டிவிடுவார்கள். கிஸ்ஸியிலோ போருக்குப் பிறகும் நோயாளிகள் சங்கிலியில்தான் கிடந்தார்கள். பல வருஷம் நாடு முழுக்க ஒரே மனநல மருத்துவர், எட்வர்ட் நஹிம். கையிலிருந்த சட்டம் 1902-ல் போட்டது.

2013 வாக்கில் இருபது சொச்சம் நர்ஸ்களுக்கு மனநலப் பயிற்சி கொடுத்து மாவட்டங்களுக்கு அனுப்பினார்கள். மூச்சு விடுவதற்குள் எபோலா கொள்ளைநோய்.

சங்கிலி போனது 2018 வாக்கில். 'பார்ட்னர்ஸ் இன் ஹெல்த்' அமைப்பு அரசோடு சேர்ந்து வேலையில் இறங்கியது. மருந்து தடையில்லாமல் வந்தது. கரண்டும் தண்ணீரும் வந்தன. அவ்வளவுதான் ரகசியம். கட்டிப்போட்ட ஊழியர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று திட்டுவது சுலபம். மருந்தும் இல்லை, விளக்கும் இல்லை என்றால் ராத்திரி டூட்டியில் நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்?

நமக்கு இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள், பலர் சங்கிலியோடு. இங்கே எந்தப் போரும் நடக்கவில்லை.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருந்தார். மாட்டுத் தொழுவத் தூணில் கட்டியிருப்பார்கள். கணுக்கால் உரசிப் புண்ணாகாமல் இருக்க, அவர் அம்மா பழைய சேலையைக் கிழித்து வளையத்துக்கு உள்ளே சுற்றிவிடுவார். துணி அழுக்கானால் துவைத்துக் காயவைத்து மறுபடி சுற்றுவார். அந்த அம்மாவுக்குப் பாசம் இல்லையென்று யார் சொல்ல முடியும்? பிறகு யாரோ சொல்லி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். மாசம் ஒரு ஊசி. ஆறேழு மாசத்தில் அண்ணன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

ஒரு வருஷம் 'ஸ்டாக் இல்லை, அடுத்த மாசம் வாங்க' என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை வீடு திரும்பியதும் அந்த அம்மா பரணில் ஏறி, போட்டுவைத்திருந்த சங்கிலியை எடுத்துத் துரு தட்டிக்கொண்டிருந்தார்.