பல்லி சகுனம்

(கிருஷ்ணகிரி பைபாஸ், ஒர்க்‌ஷாப். லடாக் கிளம்ப நிற்கும் கேம்பர் வேன் (உள்ளேயே தங்கும் வண்டி).)

தினேஷ்: ஹீட்டர் பத்து நிமிஷம் ஓடுதுணா, அப்புறம் நின்னுடுது. வண்டிக்குள்ள பல்லி வேற. ஹீட்டர் போட்டாலே டிக் டிக்னு கத்துது.

முனிராஜ்: கத்துனதும்?

தினேஷ்: நல்ல சகுனம்னு அம்மா சொன்னாங்க. ஆனா தலையில விழுந்தா ஆகாதுல்ல? அதான் வண்டிக்கு அடியில இருந்த ரெண்டு ஓட்டையிலயும் துணி வச்சி அடைச்சிட்டேன்.

முனிராஜ்: தம்பி, டிக் டிக்குனு அடிக்கிறது டீசல் பம்ப். மெதுவா அடிச்சா சூடு கம்மி, வேகமா அடிச்சா ஜாஸ்தி. ஒரு ஓட்டை நெருப்புக்குக் காத்து இழுக்குறது, இன்னொண்ணு பொகை போறது. ரெண்டையும் அடைச்சா எப்படிப்பா எரியும்?

தினேஷ்: நெருப்பா? கரன்ட்டு ஹீட்டர்னுல்ல நெனச்சேன்!

முனிராஜ்: கரன்ட்டு பத்த வைக்கவும் ஃபேனுக்கும்தான். பத்த வைக்கிற குளோ பிளக் மொதல்ல 8, 10 ஆம்ப் இழுக்கும். ஒயர் மெலிசா இருந்தா வோல்ட் எறங்கி கட்டாயிடும். பொகை ஜாயின்ட்ல கசிஞ்சா கார்பன் மோனாக்சைடு, விஷ வாயு. வாசனையே இருக்காது. தூங்குனவன் தூங்குனதுதான், பல்லி விழணும்னு இல்ல. அலாரம் வச்சிருக்கியா?

தினேஷ்: செல்லுல இருக்குணா. அஞ்சு மணிக்கு.

முனிராஜ்: ...நான் கேட்டது அந்த வாயு வந்தா கத்துற அலாரம். சரி, ஹீட்டர எப்படி ஆஃப் பண்ற?

தினேஷ்: மெயின் சுவிட்ச்ச தட்டிடுவேன்.

முனிராஜ்: ஹீட்டர் சுவிட்ச்லதான் அணைக்கணும். அப்புறமும் ஃபேன் சில நிமிஷம் ஓடி உள்ள ஆத்தும். நடுவுல கரன்ட்டப் புடுங்குனா போர்டு, சென்சார் எல்லாம் வெந்துடும். எந்நேரமும் கம்மியிலயே ஓட்டாத, கரி புடிக்கும். அப்பப்ப அரைமணி நேரம் ஃபுல்லா விடு. நம்ம ஊரு டீசல் அந்தக் குளிர்ல மெழுகு கட்டி ஃபில்டர அடைக்கும். லடாக்குக்குன்னே இண்டியன் ஆயில் 2019ல வின்டர் டீசல் விட்டுது, மைனஸ் 33 வரைக்கும் தாங்கும். அத நெரப்பு.

தினேஷ்: தண்ணி டேங்குக்குக் கவலையில்லணா, ரேடியேட்டர் கூலன்ட் 5 லிட்டர் வாங்கிட்டேன்.

முனிராஜ்: அது எத்திலீன் கிளைக்கால். குடிச்சா கிட்னி போயிடும். பல்லிக்குக்கூட ஊத்தாத.

தினேஷ்: அப்ப உறைஞ்சா?

முனிராஜ்: உறைஞ்சா தண்ணி 9 சதவீதம் பெருசாகும், தண்ணி பம்ப்பு வெடிக்கும். ஹீட்டர் இல்லாம ராத்திரி வுடறதா இருந்தா டேங்க் வால்வத் தொற, சுடுதண்ணி, பச்சத்தண்ணி எல்லாக் குழாயும் தொற, கீசரையும் வடி. காத்து வர்ற வரைக்கும் பம்ப்ப ஓட்டு, ஷவர் ஹோஸத் தரையில போடு. அப்பவும் பம்ப்பு தலையில கொஞ்சம் நிக்கும், கழட்டிக் கொட்டு. டேங்க் வால்வு எங்க?

தினேஷ்: வைக்கல.

முனிராஜ்: மேல கலர் லைட்டு?

தினேஷ்: 18 மீட்டர்ணா!

முனிராஜ்: வண்டியக் கட்டுனவனச் சொல்லணும். லைட்டு போட்டோல வரும், வால்வு வராது. முக்கால் இஞ்ச் பித்தளை பால் வால்வு ஒண்ணு போடறேன். வடிச்சப்புறம் லீவரப் பாதியில நிறுத்தி வை. இல்லன்னா உருண்டைக்குள்ள தண்ணி நின்னு வால்வே வெடிக்கும்.

தினேஷ்: அண்ணா, மறுபடி ஒருதரம் சொல்றியா? வீடியோ ஆன் ஆகல.

முனிராஜ்: மொதல்ல அடியில படுத்து அந்தத் துணிய உருவு. வேணும்னா அத வீடியோ எடு.